டிராக்டர் கொட்டகைத் தரைக்கு எந்தப் பூச்சு?



வாழைக்கு வாடல் நோய், நெல்லுக்குப் புகையான் என்று பேச வேண்டியவன் இன்றைக்குச் சிமெண்டுத் தரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். டிராக்டரும் பவர் டில்லரும் நிற்கிற கொட்டகை இருக்கிறதல்லவா, அதன் தரையைப் பற்றித்தான். முக்கொம்பைச் சுற்றியுள்ள ஊர்களில், தென்கரையில் ஜீயபுரம், திருப்பராய்த்துறை, பெட்டவாய்த்தலை ஆகட்டும், வடகரையில் வாத்தலை, குணசீலம் ஆகட்டும், எங்கே போனாலும் பயிரைப் பார்த்து முடித்தபிறகு, “சார், ஒரு நிமிஷம் கொட்டகைக்கு வந்துட்டுப் போங்க” என்று யாராவது கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் தரைப்பூச்சு அப்பளம் மாதிரி உப்பி நிற்கிறது. “எபாக்சின்னு சொல்லி நல்ல விலை குடுத்து வாங்குனேன் சார். சித்திரையில பூசினப்போ கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஐப்பசியில இப்படி ஆயிடுச்சு. சரக்கு மோசமா, பூசின ஆள் மோசமா?” என்பதுதான் கேள்வி.

பல இடங்களில் இரண்டுமே மோசமில்லை. தரைக்குக் கீழே இருக்கிற தண்ணீரை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. 1836 முதல் 1838 வரை ஆர்தர் காட்டன் கட்டிய மேலணைக்குக் கிழக்கே வடக்கில் கொள்ளிடம், தெற்கில் காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. இது போதாதென்று உய்யக்கொண்டான், பெருவளை, புள்ளம்பாடி என்று வாய்க்கால்கள் வேறு. நமக்கு இது பெரிய பாக்கியம். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது பக்கத்து நிலத்தடி நீரும் மேலே ஏறுகிறது. கிணற்றில் எட்டிப் பார்த்தாலே இது தெரியும். வாழைக்குப் பாய்ச்சுகிற தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி திறந்து ஜனவரி 28ஆம் தேதி மூடுவார்கள். நாம் கொட்டகைக்குப் பூச்சு வேலை பார்ப்பது எப்போது? வெயில் காலத்தில், வயலில் வேலை இல்லாதபோது. அப்போது தரை எலும்பாய்க் காய்ந்து கிடக்கும். பூச்சும் நன்றாகப் பிடிக்கும். ஆடிப்பெருக்கு முடிந்து, மழையும் வந்து, மண் ஊறியபிறகுதான் தரையின் உண்மையான குணம் வெளியே வருகிறது.

சிமெண்டு கான்கிரீட் பார்வைக்குக் கல் மாதிரி இருந்தாலும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்தது. கீழே உள்ள ஈரம் ஆவியாகி அந்தத் துளைகள் வழியே மேலே வந்துகொண்டே இருக்கும். வெறும் தரையாக இருந்தால் அந்த ஆவி காற்றில் கலந்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. அதன்மேல் காற்றுப் புகாத எபாக்சித் தோலைப் போர்த்தினால் ஆவி எங்கே போகும்? தோலுக்கு அடியில் தங்கும். சிமெண்டில் உள்ள காரத்தையும் உப்பையும் கரைத்துக்கொண்டு வந்து, பூச்சு பிடித்திருக்கிற இடத்தை அரித்துத் தள்ளும். அதுதான் கொப்புளம். நம் பாட்டிமார் மண்தரையைச் சாணம் போட்டு மெழுகினார்களே, அது உப்பியதுண்டா? சாண மெழுக்கு ஈரத்தை மூச்சுவிட விடும். வாரா வாரம் மெழுக வேண்டும் என்பது வேறு கதை.

ஆகையால் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு சோதனை. செலவு பத்துப் பதினைந்து ரூபாய்கூட ஆகாது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கெட்டியான பாலித்தீன் தாள் ஒன்றை எடுத்து, தரையைப் பெருக்கித் துடைத்துவிட்டு, அதன்மேல் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் போகாமல் ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். குறைந்தது 16 மணி நேரம் இருக்க வேண்டும். ஒரு பகல் ஓர் இரவு விட்டால் இன்னும் நல்லது. பிறகு பிரித்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளி முத்து முத்தாக நின்றாலோ, தாள் இருந்த இடத்தில் தரை கறுத்துத் தெரிந்தாலோ கீழிருந்து ஈரம் வருகிறது என்று பொருள். ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. சுவரோரம் ஒன்று, நடுவில் ஒன்று, வாய்க்கால் இருக்கிற பக்கம் கட்டாயம் ஒன்று.

இந்தச் சோதனையை எப்போது செய்ய வேண்டும் என்பதுதான் நம் பகுதிக்கு முக்கியம். டப்பாவின் மேல் அச்சடித்திருக்கிற குறிப்பு எல்லா ஊருக்கும் பொதுவானது. அதில் உய்யக்கொண்டான் வாய்க்கால் இருக்காது. புரட்டாசி முதல் கார்த்திகைக்குள், வாய்க்கால் நிறைந்து ஓடும்போது, நல்ல மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்துச் செய்யுங்கள். பூசுகிற வேலையை மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ வைத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் தாளை ஒட்டிப் பார்த்துவிட்டு “ஈரமே இல்லை சார்” என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, ஐப்பசியில் சோதித்தோம், தாளுக்கடியில் ஈரம் நிற்கிறது. என்ன செய்வது? எபாக்சியை மறந்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. ஈரம் தாங்கும் பிரைமர் என்று தனியாகக் கிடைக்கிறது. ஈரத் தரைக்கென்றே செய்தது என்று டப்பாவில் தெளிவாக எழுதியிருந்தால்தான் அதை நம்பலாம். விலையும் அதிகம். டிராக்டர் நிற்கிற இடத்துக்கு அவ்வளவு தேவையா என்று பாருங்கள். அதைவிடச் சிலிகேட் கரைசல் நல்லது. தண்ணீர் போல இருக்கும். சோடியம் சிலிகேட், லித்தியம் சிலிகேட் என்று வகைகள் உண்டு. இது தரைமேல் தோலாக நிற்காது. உள்ளே இறங்கி, கான்கிரீட்டில் மிச்சமிருக்கிற சுண்ணாம்போடு சேர்ந்து கெட்டிப்படும். தரை புழுதி கிளம்புவது நிற்கும், தேய்மானம் குறையும். தோலே இல்லாததால் உரிவதற்கும் ஒன்றும் இல்லை. ஈரமும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். பளபளப்பு வராது, நிறம் கிடைக்காது, எண்ணெய் சிந்தினால் கறை ஓரளவு பிடிக்கத்தான் செய்யும். அதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் ஆற்றங்கரை ஊர்களில் பாதிக் கொட்டகைகளுக்கு இதுவே போதும்.

சிலர் வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயிண்டைத் தரைக்கு அடித்துவிடுகிறார்கள். வேண்டாம். சிமெண்டில் காரம் இருக்கிறது, எனாமலில் எண்ணெய் இருக்கிறது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது சோப்புக் காய்ச்சுகிறவர்களைக் கேட்டால் தெரியும். பெயிண்ட் வழவழத்துக் கழன்றுவிடும்.

புதிதாகக் கொட்டகை கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அதிர்ஷ்டம், ஈரத்தை அடியிலேயே தடுத்துவிடலாம். நன்றாகத் திமிசுபோட்டு இறுக்கிய அடித்தளத்தின் மேல், கான்கிரீட் போடுவதற்கு முன், 250 மைக்ரான் பாலித்தீன் தாளை விரியுங்கள். இணைப்பில் ஓரடி ஒன்றன்மேல் ஒன்று படியட்டும், ஒட்டுநாடாவும் போடுங்கள். டிராக்டர் நிற்க 6 அங்குலக் கனம் வேண்டும். ஒரு பங்கு சிமெண்டு, ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. வாசல் பக்கம் தண்ணீர் வடிய நூறு அடிக்கு ஓரடி வாட்டமாவது இருக்க வேண்டும். குறைந்தது பத்து நாள் தண்ணீர் கட்டி வையுங்கள். கொத்தனார் கடைசியில் காய்ந்த சிமெண்டைத் தூவி, கரணையால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருவார். அது அவருக்குப் பெருமை. ஆனால் மேலே எபாக்சி பூசப் போகிறீர்கள் என்றால் அந்த வழவழப்பு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேலே ஏறிய அந்தச் சிமெண்டுப் பால் வலுவில்லாத தோல். பூச்சு அதைப் பிடித்துக்கொள்ளும், அது தரையை விட்டுவிடும். கான்கிரீட் போட்டு 28 நாள் ஆவதற்கு முன்னால் எந்தப் பூச்சும் கூடாது.

இப்போது ஈரம் இல்லாத தரைக்கு வருவோம். கரையை விட்டுத் தள்ளி, மேட்டுப்பாங்கான இடத்தில் கொட்டகை வைத்திருப்பவர்கள் தாராளமாக எபாக்சி பூசலாம். இந்த வேலையில் முக்கால் பங்கு தரையைத் தயார் செய்வது, கால் பங்குதான் பூசுவது. பழைய கொட்டகையில் டீசலும் இன்ஜின் ஆயிலும் சிந்தி ஊறியிருக்கும். உமியையோ மரத்தூளையோ கொட்டி மேலே உள்ள எண்ணெயை உறிஞ்ச விடுங்கள். பிறகு வெந்நீரில் சலவை சோடா கரைத்து, கெட்டிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு தடவை போதாது. மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றித் துடைக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. எண்ணெய் இன்னும் ஆழமாக இறங்கும், தீப்பிடிக்கிற அபாயமும் உண்டு. கழுவிக் காய்ந்தபிறகு அங்கங்கே கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டால் எண்ணெய் இன்னும் போகவில்லை. நிதானமாக உள்ளே இழுத்தால் சரி.

அடுத்து மேல்தோலைச் சொரசொரப்பாக்க வேண்டும். கிரானைட் தரைக்குப் பாலிஷ் போடுகிறவர்களிடம் வைரத்தகடு போட்ட தேய்ப்பு மிஷின் இருக்கும். ஒரு நாள் வாடகைக்குப் பேசி, வழவழப்பு போகத் தேய்ப்பதுதான் மேலான வழி. தூசு பறக்கும், மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். மிஷின் கிடைக்காவிட்டால் ஆசிட். கடையில் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கு பங்கு. முதலில் தண்ணீர், பிறகு அதில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக. மாற்றி ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். கையுறை, கண்ணாடி, ரப்பர் பூட்ஸ் கட்டாயம். நனைத்த தரையில் பிளாஸ்டிக் பூவாளியால் தெளித்தால் நுரைக்கும். நுரை அடங்கியதும் சலவை சோடாத் தண்ணீர் விட்டு ஆசிட்டை முறித்து, நல்ல தண்ணீரால் மூன்று முறை கழுவுங்கள். கையால் தடவிப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி இருக்க வேண்டும். டிராக்டரை மட்டும் அல்ல, மாட்டையும் முன்னாடியே வெளியே ஓட்டிவிடுங்கள். ஆசிட் புகை இரண்டுக்கும் ஆகாது. கழுவிய தண்ணீர் வாய்க்காலுக்கோ வாழை அடிக்கோ போகக்கூடாது. பிறகு மூன்று நான்கு நாள் வெயிலில் காயட்டும்.

எபாக்சி எப்போதும் இரண்டு டப்பாவாக வரும். ஒன்று பிசின், இன்னொன்று ஹார்டனர். இரண்டையும் கம்பெனி சொன்ன அளவில்தான் கலக்க வேண்டும். “சீக்கிரம் காயட்டும்” என்று ஹார்டனரைக் கூட்டி ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நெல்லுக்கு யூரியாவைக் கூட்டிப் போடுகிற அதே புத்தி. கூட்டினாலும் குறைத்தாலும் தரை பிசுபிசுவென்று நின்றுவிடும், கெட்டிப்படாது. மெதுவாகச் சுற்றுகிற துளைப்பு மிஷினில் கலக்குமட்டையை மாட்டி மூன்று நிமிடம் கலக்கி, ஓரத்திலும் அடியிலும் ஒட்டியதை வழித்து, வேறொரு வாளிக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள். கலந்தபின் பல சரக்குகளுக்கு அரைமணி, முக்கால்மணி நேரம்தான் ஆயுசு. வெப்பம் பத்து டிகிரி கூடினால் அதுவும் ஏறக்குறையப் பாதியாகிவிடும். நம் திருச்சி வெயிலில் வாளியில் அப்படியே வைத்திருந்தால் சூடேறிப் புகையும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, உடனே தரையில் ஊற்றி உருளைப் பிரஷ்ஷால் இழுத்துவிட வேண்டும்.

காலையில் பூசலாமா, மாலையிலா? மாலை நான்கு மணிக்கு மேல். காலையில் தரை சூடேறிக்கொண்டே போகும், உள்ளே இருக்கிற காற்று விரிந்து மேலே வரும், ஈரப் பூச்சில் குமிழி குமிழியாகத் தெரியும். மாலையில் தரை ஆறும்போது காற்று உள்ளே சுருங்கி, பூச்சையும் துளைக்குள் இழுத்துக்கொள்ளும். ஆனால் மார்கழி, தையில் மாலை வேலை கூடாது, பனி இறங்கிப் பூச்சு வெளுத்துவிடும். மாசி, பங்குனி என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி வாங்குகிற கணக்கு. இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். தண்ணீரோ தின்னரோ கலக்காத கெட்டிப் பூச்சு ஒரு லிட்டரை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் ஒரு மில்லிமீட்டர் கனம் வரும். வண்டி நிற்கிற தரைக்குக் கால் மில்லிமீட்டர் கனமாவது வேண்டும். அப்படியானால் ஒரு லிட்டர் நான்கு சதுர மீட்டருக்குத்தான், அதாவது சுமார் 43 சதுர அடிக்குத்தான் வரும். 12 அடி அகலம், 20 அடி நீளம் உள்ள கொட்டகை 240 சதுர அடி. ஐந்தரை லிட்டர் வேண்டும். பிரைமர் தனி. “ஒரு லிட்டர் 200 சதுர அடிக்கு வரும், ரொம்ப சிக்கனம்” என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, இழுத்தால் வரத்தான் செய்யும். கனம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இருக்கும். அதிலும் பாதி தின்னராக இருந்தால் காய்ந்தபின் நாற்பதில் ஒரு பங்கு. கரூர் ரோட்டில் ஓடி வந்து சூடாக நிற்கிற கார் டயர், மறுநாள் கிளம்பும்போது அந்த மெல்லிய தோலைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே டப்பா விலையைக் கேட்காதீர்கள். “காய்ந்தபின் என்ன கனம், அந்தக் கனத்துக்கு ஒரு லிட்டர் எத்தனை சதுர அடி, இதில் காற்றோடு போவது எவ்வளவு?” என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

முதல் பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவில் ஒரு நாளைக்கு மேல் போய்விட்டால் லேசாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு அடுத்ததைப் பூசுங்கள். முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கொஞ்சம் மணல் தூவினால் வழுக்காது. மழைநாளில் வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு உள்ளே வருகிறவரை நினைத்துப் பாருங்கள், இதை விட்டுவிடக் கூடாது. இதற்குச் சலித்து உலர்த்திய குவார்ட்ஸ் மணல் மூட்டையாகக் கிடைக்கிறது. “முக்கொம்புல இருந்துகிட்டு மணலை விலைக்கு வாங்கச் சொல்றீங்களே சார்” என்று சிரிக்கிறார்கள். ஆற்று மணலில் வண்டல் தூள் இருக்கும், பூச்சு பிடிக்காது. போதாததற்கு, ஆற்றில் மணல் அள்ளுவது நம் இஷ்டத்துக்குச் செய்கிற காரியமும் இல்லை. கொட்டகை வாயிலில் வெயில் நேராக விழுகிற நாலடிக்கு மட்டும் மேலே பாலியூரித்தேன் பூச்சு ஒன்று கொடுங்கள், எபாக்சி வெயிலில் மஞ்சளடித்து மாவாகும். முடித்தபின் ஒரு நாள் கழித்து நடக்கலாம், ஏழு நாள் கழித்து வண்டி ஏற்றலாம்.

ஏற்றுவது எந்தச் சக்கரத்தோடு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடவுக்குச் சேறடித்துவிட்டுக் கேஜ் வீலோடு அப்படியே கொட்டகைக்குள் நுழைகிற டிராக்டருக்கு முன்னால் எபாக்சியும் நிற்காது, எதுவும் நிற்காது. இரும்புப் பட்டை ஒவ்வொன்றும் உளி மாதிரி வெட்டும். வெளியே கழற்றிவிட்டு வாருங்கள். அதற்கு நேரமில்லை, ஆள் இல்லை என்றால் சக்கரம் போகிற இரண்டு தடத்தில் பழைய ரப்பர் பெல்ட்டையோ பலகையையோ போட்டுவையுங்கள். உண்மையைச் சொன்னால், கேஜ் வீலைக் கழற்றுவதே இல்லை என்கிறவர் பூச்சுக்குப் பணம் செலவழிக்காமல் சிலிகேட்டோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லது.

உர மூட்டையையும் நேராகத் தரையில் அடுக்காதீர்கள். வாழைக்கு நாம் நிறையப் பொட்டாஷ் வைக்கிறோம். அதில் உள்ள குளோரைடு ஈரத்தோடு கசிந்து கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். அம்மோனியம் சல்பேட் கான்கிரீட்டையே அரிக்கும். பலகைமேல் வையுங்கள். பேட்டரி ஆசிட்டும் பிரேக் ஆயிலும் சிந்தினால் அப்போதே துடைத்துக் கழுவ வேண்டும். தரை இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று விதைநெல்லையோ கடலையையோ அங்கே கொட்டி உலர்த்தாதீர்கள்; டீசல் சிந்துகிற இடம் களமாகாது.

பூசும்போது கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். பீடி, சிகரெட் கூடாது. பிசின் கையில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வந்து, பிறகு ஒவ்வொரு முறை பட்டாலும் வரும். தின்னரால் கையைக் கழுவினால் அது தோலுக்குள் இன்னும் ஏறும். துணியால் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மிச்சமான பிசினையும் ஹார்டனரையும் வாய்க்காலில் ஊற்றாமல், இரண்டையும் அதே அளவில் சிறிது சிறிதாகக் கலந்து கல்லாக உறைய விட்டு, வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் தனியாக அப்புறப்படுத்துங்கள். காலி டப்பாவைத் தண்ணீர் மொள்ளவோ மாட்டுக்குத் தவிடு கரைக்கவோ வைத்துக்கொள்ள வேண்டாம், நசுக்கிவிடுங்கள்.